காதுக்கருவி டிராயரில் தூங்கக் கூடாதென்றால்

பிரான்ஸைச் சேர்ந்த நம் ரீயூனியன் தீவில் "காதுக்கருவி வாங்க வசதியில்லை" என்ற பேச்சு 2021 ஜனவரி 1-க்குப் பிறகு வெகுவாகக் குறைந்துவிட்டது. கருவிகளைச் சட்டம் இரண்டு வகுப்பாகப் பிரிக்கிறது; அன்றுமுதல், முதல் வகுப்புக் கருவிக்குப் பெரியவர்களிடம் ஒரு காதுக்கு 950 யூரோவுக்கு மேல் யாரும் கேட்க முடியாது. முத்யுவெல், அதாவது நாமே சேரும் கூடுதல் காப்பீடு, விதிப்படி இருந்தாலோ, குறைந்த வருமானக்காரர்களுக்கான அரசுக் கூடுதல் காப்பீடு இருந்தாலோ, கையிலிருந்து ஒரு சாந்தீம் (சென்ட்) கூடத் தர வேண்டியதில்லை. அப்படியிருந்தும் எத்தனையோ வீடுகளில் அந்தக் கருவி தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வெளியே வருகிறது. மற்ற நாளெல்லாம் டிராயரில்தான். மூக்குக்கண்ணாடி மாதிரி, மாட்டியதும் எல்லாம் தெளிவாகிவிடும் என்று எதிர்பார்ப்பதுதான் இதற்குக் காரணம். காது அப்படி வேலை செய்வதில்லை. வாங்குவதற்கு முன்னும் வாங்கியபின் முதல் சில வாரங்களிலும் நடப்பதைப் பொறுத்துத்தான் பலன்.

முதல் தவறு, வருடக்கணக்கில் தள்ளிப்போடுவது. "எனக்கு நல்லாத்தான் கேக்குது, நீங்கதான் வாய்க்குள்ளயே பேசுறீங்க" என்று வீட்டுப் பெரியவர் சொன்னால் அதில் பாதி உண்மை. வயதாகும்போது பெரும்பாலும் கீச்சென்ற உயர்ந்த ஒலிகள்தான் முதலில் போகும். உயிரொலிகள் கேட்கும், மெல்லிய மெய்யொலிகள் நழுவிவிடும். சட்டை, தட்டை, கட்டை மூன்றும் ஒன்றாகிவிடும். பேசுவது காதில் விழுகிறது, ஆனால் என்ன பேசினார்கள் என்பது பிடிபடவில்லை. இந்த நிலையில் ஐந்தாறு வருடம் ஓட்டிவிட்டுப் பிறகு கருவி போட்டால், மறந்துபோன ஒலிகளை மூளை திரும்பப் பழக அதிக நாள் பிடிக்கும்.

முதல்முறை கருவி போட மருத்துவரின் சீட்டு வேண்டும்: காது மூக்கு தொண்டை நிபுணர், அல்லது அதற்கெனப் பயிற்சி பெற்ற குடும்ப மருத்துவர். அதைச் சடங்காக நினைத்து அலுத்துக்கொள்ள வேண்டாம். சில சமயம் குற்றவாளி வெறும் காதுக்குறும்பிதான். அதை எடுத்ததுமே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். சீட்டு இல்லாமல் இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்று காதில் மாட்டும் வெறும் ஒலிபெருக்கி வாங்குவது அடுத்த தவறு. அது எல்லாச் சத்தத்தையும் ஏற்றும். உங்கள் காதில் எந்த ஒலி குறைந்திருக்கிறது என்று அதற்குத் தெரியாது. காப்பீட்டுப் பணமும் வராது.

வகுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டாம் வகுப்புக்கு விலை உச்சவரம்பு கிடையாது. செக்யூ, அதாவது அரசு மருத்துவக் காப்பீடு, திருப்பித் தருவது காதுக்கு 240 யூரோ, மீதி முத்யுவெல்லையும் உங்களையும் சேர்ந்தது. முதல் வகுப்பென்றால் தரம் குறைந்தது என்று நம்மவர்களிடம் ஒரு எண்ணம் இருக்கிறது. இலவசம் என்றாலே சந்தேகப்படுவது நம் பழக்கம். ஆனால் முதல் வகுப்பிலும் குறைந்தது 12 சேனல் (ஒலியைத் தனித்தனியாகச் சரிசெய்யும் பகுதிகள்) இருக்க வேண்டும், 4 வருட கேரண்டி இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. கடையில் தரும் தெவியில், அதாவது விலைமதிப்புத் தாளில், முதல் வகுப்புக் கருவி ஒன்றாவது கட்டாயம் இருக்க வேண்டும். இல்லையென்றால் கேளுங்கள். சத்தம் நிறைந்த கூட்டங்களுக்கு அடிக்கடி போகிறவர், வேலைக்குப் போகிறவர் என்றால் இரண்டாம் வகுப்பையும் போட்டுப் பார்க்கலாம். வீட்டில் நாலு பேரோடு பேசி, டிவி பார்த்து, கோயிலுக்குப் போய் வரும் தாத்தாவுக்கு முதல் வகுப்பே போதும் என்பது என் எண்ணம்.

வெளியே தெரியக் கூடாது என்று காதுக்குள் புதையும் மிகச் சின்னக் கருவியைத் தேர்ந்தெடுப்பது இன்னொரு வம்பு. அதில் போடும் 10-ஆம் எண் பேட்டரி மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிய ஒரு சிறு பொட்டு அளவுதான். விரல் மூட்டு வீங்கியவரால் அதைப் பிடித்து மாட்ட முடியாது. கடையிலேயே, யாரும் உதவாமல், பெரியவர் தன் கையாலேயே கருவியை மாட்டிக் கழற்றி, பேட்டரியை மாற்றி அல்லது சார்ஜரில் வைத்துக் காட்டட்டும். சிவப்புப் புள்ளி வலது காது, நீலம் இடது. இரண்டு காதிலும் குறை இருந்தால் "ஒன்று போதும்" என்று மிச்சம் பிடிப்பதும் வேண்டாம். சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க இரண்டு காதும் தேவை.

இனி, பிரெஞ்சு அதிகம் வராத நம் தமிழ் ஆட்களுக்கு வரும் ஒரு சிக்கல். கேள்திறன் சோதனையில் இரண்டு பகுதி உண்டு. 'பீப்' ஒலி கேட்டால் பொத்தானை அழுத்துவது ஒன்று. சொற்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்வது மற்றொன்று. இரண்டாவதில் வருபவை பிரெஞ்சுச் சொற்கள். காரைக்காலிலிருந்து பிள்ளைகளோடு வந்து சேர்ந்த பாட்டிக்கு அந்தச் சொற்களே பாதி தெரியாது. தெரியாத சொல்லைக் காது சரியாகக் கேட்டாலும் வாய் சொல்லாது. மதிப்பெண் குறைகிறது; காது உள்ளதைவிட மோசம் என்றோ, கருவி போட்டும் பயனில்லை என்றோ முடிவாகிவிடலாம். எனவே சோதனைக்கு முன்பே சொல்லிவிடுங்கள்: அம்மாவின் மொழி தமிழ், பிரெஞ்சு இவ்வளவுதான் வரும் என்று. பீப் சோதனைக்கு மொழி வேண்டாம், அதை நம்பலாம். கருவியைச் சரிசெய்யும்போது அவரோடு தினமும் தமிழில் பேசும் ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். பேத்தி இரண்டு மீட்டர் தள்ளி நின்று சாதாரணக் குரலில் "அம்மாச்சி, சட்டை எங்க? தட்டை எங்க?" என்று கேட்கட்டும். பெரியவர் வீட்டில் இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோல் பேசிப் பழகியவர் என்றால் அதிலும் பேசிப் பாருங்கள்.

அப்புறம், அந்த 30 நாள். வாங்குவதற்கு முன் குறைந்தது 30 நாள் போட்டுப் பார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு. இந்த நாட்களைத்தான் நாம் வீணாக்குகிறோம்.

சித்தப்பா ஒருவரின் முதல் வாரத்தைக் கிட்ட இருந்து பார்த்தேன். ஃபிரிட்ஜ் ஓடும் சத்தம் அவரை எரிச்சலூட்டியது. செய்தித்தாளைத் திருப்பினால் தகரத்தைக் கிழிப்பது போலிருக்கிறது என்றார். தன் குரலே பீப்பாய்க்குள்ளிருந்து வருகிறதாம். நாலாம் நாள் மத்தியானம் தகரக் கூரையில் மழை இறங்கியதும், இரண்டையும் பிடுங்கி மேசையில் வைத்துவிட்டு, "இது எனக்கு வேண்டாம்பா" என்றார். அவர் சொன்னது ஒவ்வொன்றும் நிஜம்தான். ஃபிரிட்ஜும் செய்தித்தாளும் எப்போதும் சத்தம் போட்டவைதான். அவற்றைக் கண்டுகொள்ளாமல் விடும் பழக்கம் மூளைக்குப் போய்விட்டது, தினம் போட்டால் சில வாரத்தில் திரும்ப வரும். ஆனால் பீப்பாய்க் குரலைப் பொறுத்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. காதுக்குள் போகும் ரப்பர் குமிழ் காதை அடைப்பதால் அது வரலாம். துளையுள்ள குமிழ் மாற்றினாலோ அமைப்பை மாற்றினாலோ குறையும். இந்த இரண்டு வகையையும் பிரித்துக் குறித்து வைத்துக்கொண்டு, அடுத்த முறை பொருத்துபவரிடம் போனார். "சரியா கேக்கல" என்று மட்டும் சொன்னால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது. "தட்டு வைக்கும் சத்தம் சுருக்கென்று குத்துகிறது", "மகள் பேசுவது புரிகிறது, பேரன் பேசுவது புரியவில்லை" என்று சொன்னால் எதைத் திருக வேண்டும் என்று அவருக்குப் பிடிபடும்.

எனவே முதல் நாளே கோயில் திருவிழாவுக்கோ, ஞாயிற்றுக்கிழமை முப்பது பேர் கூடும் பிக்னிக்குக்கோ போட்டுக்கொண்டு போக வேண்டாம். தப்பும் மேளமும் முழங்கும் இடத்தில் தொடங்கினால் வெறுப்புதான் மிஞ்சும். வீட்டில், அமைதியான அறையில், ஒருவரோடு பேசித் தொடங்குங்கள். பிறகு டிவி, பிறகு சாப்பாட்டு மேசை, பிறகு கடைத்தெரு. ஆனால் தினமும் போடுங்கள். விருந்தாளி வரும்போது மட்டும் போடுகிறவருக்கு ஒவ்வொரு முறையும் முதல் நாள்தான். கூட்டத்தில் எல்லோர் பேச்சும் புரியும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். எவ்வளவு விலை கொடுத்தாலும் அது முழுதாக வராது. வீட்டாரும் சமையலறையிலிருந்து கத்தாமல், அருகில் வந்து முகம் பார்த்துப் பேச வேண்டும்.

பராமரிப்பில் நம் வில்லன் தேங்காயெண்ணெய். தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு கருவியை எடுத்தால் மைக் துவாரம் அடைந்துவிடும். எண்ணெய், சீப்பு, பவுடர், ஸ்பிரே எல்லாம் முடிந்தபின் கடைசியாகத்தான் கருவி. கோடைமழை மாதங்களில் இந்தத் தீவின் ஈரப்பதம் அதற்கு ஆகாது; இரவில் உலர்த்தும் மாத்திரை போட்ட டப்பாவில் வையுங்கள், ஹேர் டிரையர் மட்டும் வேண்டாம். சேன் ஜீல் கடற்கரைக்குப் போனால் டப்பாவில் வைத்து நிழலில் விடுங்கள், வெயிலில் நிற்கும் காருக்குள் அல்ல. பேட்டரியின் ஸ்டிக்கரை உரித்ததும் காற்றுப்பட ஓரிரு நிமிடம் விட்டு மாட்டுங்கள். திரும்ப ஒட்டி மிச்சம் பிடிக்க முடியாது. திடீரென்று ஒரு பக்கம் மங்கினால் கருவி கெட்டுவிட்டது என்று பதறாமல், நுனியிலிருக்கும் வெள்ளைக் குறும்பி வடிகட்டியை முதலில் மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் அதுதான்.

வடிகட்டியை மாற்றியும் மங்கலாகவே இருந்தால், அந்தக் கருவியைப் போட்டுக்கொண்டு வேறு யாராவது கேட்டுப் பார்க்கச் சொல்லாதீர்கள். பொருத்திய கடைக்கே எடுத்துப் போங்கள். கருவியின் ஒலியமைப்பைச் சரிசெய்யவும் சோதிக்கவும் ஆகும் செலவு வாங்கிய விலையிலேயே அடங்கியிருக்கிறது, தனியாகக் கட்டணம் இல்லை. 4 வருடம் கழித்துப் புதியதற்கு மறுபடி காப்பீடு கிடைக்கும். நடுவில் தொலைத்துவிட்டால் அது கேரண்டியில் வராது. மறதிக்காரர் என்றால் தொலைந்தால் ஈடு தரும் காப்பீடு இருக்கிறதா என்று வாங்கும்போதே விசாரித்து வையுங்கள். கருவியில் குறையில்லை, காதுதான் ஒரே நாளில் கேட்காமல் போயிற்று என்றால், அல்லது கூடவே தலைசுற்றல் வந்தால், அது கருவிக் கடையில் தீரும் விஷயம் அல்ல. அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். சிகிச்சை தாமதமானால் போன கேள்திறன் திரும்பும் வாய்ப்பும் குறையும்.