பால் காப்பி நிறத்தில் ஆயில் வந்தால்: பழைய டில்லரைச் சேடைக்குத் தயார் செய்வது

பழைய பவர் டில்லர் ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கலாமா என்று யாராவது கேட்டால், இன்ஜினை ஓட்டிப் பார்த்தீர்களா என்று நான் கேட்பதில்லை. முப்பது வருஷத்து இன்ஜினும் ஓடத்தான் செய்யும். மண்ணைக் கிளறும் கத்திகள் சுற்றுகிற ரோட்டவேட்டருக்குக் கீழே ஒரு ஈயத் தட்டை வைத்து, ஆயில் வடிக்கிற போல்ட்டை மெல்லத் தளர்த்திப் பாருங்கள் என்பேன். தேன் நிறத்தில் வந்தால் மேற்கொண்டு பேசலாம். கறுப்பாக வந்தாலும் பரவாயில்லை, ஆயில் மாற்றாமல் ஓட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். பால் கலந்த காப்பி போல வந்தால் உள்ளே வாய்க்கால் தண்ணீர் போயிருக்கிறது. ஒரு மாதமாக நின்ற வண்டியானால் முதலில் தெளிந்த தண்ணீரே சொட்டும். ஆயில் மேலே மிதக்க, தண்ணீர் அடியில் தங்கிவிடும். அந்தத் தண்ணீரில் பேரிங் எத்தனை நாள் ஊறியதோ, யாருக்குத் தெரியும்?

எங்கள் வண்டி மிட்சுபிஷி சக்தி. 1967-ல் பெங்களூரில் தொடங்கிய கம்பெனி, ஜப்பான் மிட்சுபிஷியின் தொழில்நுட்பத்தில் செய்தது. அப்பா 1991-ல் வாங்கினார். பக்கத்துத் தெருவில் கேரளத்து காம்கோ ஒன்று இருக்கிறது, அது குபோட்டா வழி வந்தது. இரண்டுக்கும் பாகங்கள் மாறாது, ஆனால் நான் இங்கே சொல்லும் வேலை இரண்டுக்கும் பொருந்தும். எங்களுக்கு நீடாமங்கலத்துக்குத் தெற்கே, பாமணியாற்றுப் பாசனத்தில் பதினான்கு மா நிலம். மூன்று மா சேர்ந்தால் ஒரு ஏக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய டிராக்டர் உள்ளே போக வழியில்லாத, போனாலும் ஆழச் சேற்றில் புதைந்துவிடும் வயல்கள்தான் பாதிக்கு மேல். அதனால்தான் இந்தக் கிழவனை இன்னும் வைத்துக் காப்பாற்றுகிறேன்.

வேலையைச் சித்திரையில் தொடங்கிவிடுங்கள். ஜூன் 12-ல்தானே மேட்டூர் திறப்பார்கள் என்று சாவகாசமாக இருந்து நான் ஒருமுறை பட்டிருக்கிறேன். 2022-ல் மே 24-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். என் கியர் பெட்டி அன்றைக்குத் திறந்து கிடந்தது, பேரிங் ஒன்று வாங்கி வரவேண்டியிருந்தது. தண்ணீர் வயலுக்கு வந்தபோது வாடகை டிராக்டருக்குப் பணம் கொடுத்துவிட்டு வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தேன்.

ஆயில் சீல்

டெல்டாவில் டில்லரைக் கொல்வது உழைப்பு இல்லை, சேறு. முழங்கால் ஆழச் சேற்றில் ஓடும்போது சக்கர ஆக்சிலின் இரண்டு முனைகளும், கத்தி மாட்டும் ஷாஃப்ட் வெளியே வரும் இடங்களும் தண்ணீருக்குள்ளேயே கிடக்கின்றன. உள்ளே ஆயில், வெளியே சேறு, நடுவில் ஒரு ரப்பர் உதடு. அந்த உதடு கிழிந்தால் ஆயில் வெளியே ஒழுகுவதைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். சேறு உள்ளே போவதைப் பார்ப்பதில்லை.

சீல் தானாகத் தேய்ந்து போவது குறைவு. நூல்தான் அறுக்கிறது. வைக்கோல் கட்டும் கயிறு, உரச்சாக்கு நரம்பு, வாய்க்காலில் அடித்து வரும் பழைய மீன்வலைத் துண்டு, சில சமயம் சேலைக் கிழிசல் என்று எல்லாம் ஷாஃப்ட்டில் சுற்றி, சுற்றச் சுற்ற இறுகி, சீலுக்குள் கத்தி போல நுழையும். அதனால் சேடை ஓட்டுகிற, அதாவது நடவுக்கு முன் தண்ணீர் கட்டிச் சேறு கலக்குகிற நாட்களில் மாலை வண்டியைக் கரையேற்றியதும், இன்ஜினை நிறுத்திவிட்டு, ஷாஃப்ட்டின் இரு முனைகளிலும் சுற்றியிருப்பதை அரிவாள் நுனியால் அறுத்து எடுங்கள். இன்ஜினை நிறுத்திவிட்டு என்பதை இரண்டாம் முறை சொல்கிறேன். கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு கத்திக்குள் கைவிட்டவர்களின் விரல்களை நான் பார்த்திருக்கிறேன்.

சீல் மாற்றுவது நாமே செய்யக்கூடிய வேலைதான். முதலில் ஆயிலை முழுக்க வடியுங்கள். மூடியைக் கழற்றியதும் பழைய சீலை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுக்கலாம், ஆனால் ஷாஃப்ட் மேல் கீறல் விழக்கூடாது. ஒரு கீறல் விழுந்தால் புது சீலும் ஒழுகும். பழைய சீலின் முகத்தில் மூன்று எண்கள் அச்சிட்டிருக்கும்: உள் விட்டம், வெளி விட்டம், தடிமன், எல்லாம் மில்லிமீட்டரில். எண் அழிந்திருந்தால் பழையதையே கடைக்கு எடுத்துப் போங்கள். ‘டில்லர் சீல்’ என்று வாயால் சொல்லி வாங்கி வந்தது ஒருநாளும் பொருந்தியதில்லை.

ஷாஃப்ட்டில் சீல் உட்காரும் இடத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். பழைய உதடு தேய்த்துத் தேய்த்து ஒரு பள்ளம் விழுந்திருக்கும். நகம் லேசாகத் தட்டினால், புது சீலை அதே இடத்தில் உட்கார வைக்காமல், இடம் இருந்தால் ஒரு மில்லிமீட்டர் முன்னே பின்னே தள்ளி வையுங்கள், உதடு புது இடத்தில் உட்காரும். நகம் மாட்டி நின்றால் ஷாஃப்ட்டை லேத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும். மேடேற்றிக் கடைந்து கொடுப்பார்கள்.

நான் முதல்முறை சீல் போட்டபோது திருப்பிப் போட்டுவிட்டேன். வெளியிலிருந்து பார்க்க எண் தெரியவில்லையே என்று ஒரு நிமிஷம் யோசித்ததோடு சரி. இரண்டு மா ஓட்டுவதற்குள் ஆயில் எல்லாம் சேற்றோடு போயிற்று. கூத்தாநல்லூர்ப் பக்கத்து மெக்கானிக் ஒருவர், எங்களுக்கு எல்லாம் பாய்தான், வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். “தம்பி, ஸ்பிரிங் இருக்கிற பக்கம் ஆயிலைப் பார்க்கணும். நீங்க சேத்தைப் பார்க்க வச்சிருக்கீங்க” என்றார். இன்னொன்றும் அவரிடம் கற்றதுதான்: ஷாஃப்ட் முனையில் சாவிக் காடியோ பல்லோ இருந்தால், அதன்மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையைச் சுற்றி, கிரீஸ் தடவி, அதற்கு மேல் சீலை வழுக்கிக் கொண்டுபோக வேண்டும். இல்லாவிட்டால் மாட்டும்போதே உதடு கிழிந்துவிடும். பிறகு பையை உருவிவிடலாம். சீலைத் தட்டி இறக்க, அதே அளவுள்ள பழைய பேரிங்கின் வெளி வளையத்தை வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்டுங்கள். சுத்தியலால் நேரடியாக ஒரு பக்கம் அடித்தால் கோணிக்கொள்ளும்.

காப்பி நிறத்தில் ஆயில் வந்திருந்தால் சீல் மாற்றியது மட்டும் போதாது. பெட்டியில் டீசல் ஊற்றி, கையால் சுற்றி, வடித்து, மறுபடி ஊற்றி வடியுங்கள். வடிவது சுத்தமாகிற வரை செய்து, ஒருநாள் திறந்தே காயவிட்டு, அப்புறம் 90 நம்பர் கியர் ஆயில் ஊற்றுங்கள். கையால் சுற்றும்போது பேரிங் கரகரத்தால் அதையும் இப்போதே மாற்றிவிடுங்கள். பெட்டியைத் திறந்திருக்கும்போது பார்த்த வேலையைத் தள்ளிப்போட்டால் நடவு நேரத்தில் மறுபடி திறக்க வைக்கும்.

இன்ஜின்

படுக்கை வாட்டில் ஒரே சிலிண்டர், தண்ணீரில் குளிரும் டீசல் இன்ஜின். இதில் கெட்டுப்போகப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆயில் மாற்றும்போது கால் மணி நேரம் ஓட்டிச் சூடாக்கிவிட்டு வடியுங்கள், கசடும் சேர்ந்து வரும். ஏர் கிளீனர் அடியில் ஆயில் நிற்கும் கிண்ணம் இருக்கிறதே, அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சித்திரை, வைகாசியில் டிரெய்லர் கட்டி எரு ஏற்றினால், புழுதி முழுவதும் அந்தக் கிண்ணத்தில்தான் சேரும். கழற்றி டீசலில் கழுவி, கோடு வரைக்கும் புது இன்ஜின் ஆயில் விடுங்கள். கோட்டுக்கு மேலே விட்டால் இன்ஜின் அதையும் உறிஞ்சிவிடும்.

ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பெரும்பாலும் டீசலில் காற்றோ தண்ணீரோ இருக்கும். டேங்க் அடியில் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். பிறகு காற்று எடுக்க வேண்டும்: முதலில் ஃபில்டர் மேலுள்ள ஸ்க்ரூ, அடுத்து பம்புக்கு வருகிற இணைப்பு, கடைசியில் சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலுக்குப் போகும் பைப்பின் நட். ஒவ்வொன்றிலும் குமிழ் நின்று டீசல் மட்டும் வந்ததும் முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். நாசிலை வெளியே எடுத்துப் பீய்ச்சுவதைப் பார்க்கும்போது கையை எதிரே நீட்டாதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். நாசில் அழுத்தத்தைச் சரிசெய்வதை டீசல் பம்பு கடைக்காரரிடம் விட்டுவிடுங்கள். அதற்கான கருவி வீட்டில் கிடையாது.

ஹேண்டில் போட்டுச் சுற்றும்போது கட்டைவிரலும் மற்ற விரல்களும் ஒரே பக்கம் இருக்கட்டும். இன்ஜின் திருப்பி அடித்தால் கை தானாக விடுபடும். கட்டைவிரலை வளைத்துப் பிடித்தால் அதுதான் முதலில் போகும்.

கடற்கரைப் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. வேதாரண்யம், தலைஞாயிறு பக்கம் போர் தண்ணீர் உப்பு. அதை இன்ஜின் தொட்டியில் ஊற்றினால் உள்ளே படிந்து சூடேறும். மழைத்தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைத்து ஊற்றுங்கள். கொதிக்கிற இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றவே வேண்டாம், ஹெட் வெடித்துவிடும்.

2018 நவம்பர் கஜா புயலில் கொட்டகை மேல் தென்னை விழுந்து சைலன்சர் முறிந்தது. வீட்டுக்கூரையைப் பார்ப்பதா, வண்டியைப் பார்ப்பதா? இரண்டு மாதம் கழித்து ஹேண்டிலைப் போட்டால் அசையவில்லை. மழைத்தண்ணீர் சைலன்சர் வழியே உள்ளே இறங்கி பிஸ்டன் பிடித்திருந்தது. இப்படி ஆனால் பலம் கொண்டு திருகாதீர்கள். நாசிலைக் கழற்றி, அந்த ஓட்டை வழியே டீசலும் இன்ஜின் ஆயிலும் பாதிப் பாதி கலந்து ஊற்றி நான்கு நாள் ஊறவிட்டேன். பிறகு ஃப்ளைவீலில் ஒரு சவுக்குக் கட்டையைக் கொடுத்து முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டினேன். ஐந்தாம் நாள் ஒரு விரற்கடை நகர்ந்தது. முழுச் சுற்று வந்த பிறகும் நாசிலை மாட்டிவிடாதீர்கள். நாசில் இல்லாமலே சுற்றி உள்ளே நிற்கிற திரவத்தை வெளியே துப்ப வைத்து, கீழே இருக்கும் ஆயிலையும் மாற்றிவிட்டு, அப்புறம்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். திரவம் நிற்கும் சிலிண்டரில் பிஸ்டன் அமுக்கினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அன்றிலிருந்து வண்டி நிற்கும்போதெல்லாம் என் சைலன்சர் வாயில் ஒரு கொட்டாங்கச்சி கவிழ்ந்திருக்கும்.

பெல்ட், கத்தி, கேஜ் வீல்

பெல்ட் மூன்றில் ஒன்று அறுந்தாலும் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். புதியது ஒன்றும் நீண்டு போன பழையது இரண்டும் இருந்தால், புதியதே எல்லாச் சுமையையும் இழுத்து அறுந்துவிடும்.

ரோட்டவேட்டர் கத்தியில் இடது, வலது உண்டு. கழற்றும்போது ஒவ்வொன்றாகக் கழற்றி, மாற்றி, அடுத்ததற்குப் போங்கள். மொத்தமாகக் கழற்றிச் சாக்கில் போட்டால் பிறகு எது எங்கே என்று குழம்பி, வண்டி ஒரு பக்கம் இழுக்கும். கூர்முனை முதலில் மண்ணில் வெட்டுகிறதா என்று சுற்றிப் பாருங்கள். எங்கள் களிமண்ணில் கத்தி நின்று உழைக்கிறது. ஆற்றுப் படுகை மணலில் ஓட்டுகிறவர்களுக்குச் சீக்கிரமே தேய்ந்துவிடும். போல்ட்டுகளை முதல் அரை மா ஓட்டியதும் நிறுத்தி மறுபடி முறுக்குங்கள், எப்படியும் இரண்டு போல்ட்டாவது தளர்ந்திருக்கும்.

சேற்றில் ஓட்ட டயருக்குப் பதில் மாட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரம்தான் கேஜ் வீல். அதைத் தார்ச்சாலையில் ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். ஆங்கிள் வளைவது ஒருபுறம், அந்த அதிர்ச்சி முழுவதும் ஆக்சில் பேரிங்குக்குத்தான் போகிறது. வயல் வரை டயரில் போய், வரப்போரம் மாற்றிக்கொள்ளுங்கள். அரை மணி நேர வேலை.

நிறுத்தி வைக்கும்போது

நடவு முடிந்து நிறுத்தும்போது சேற்றைக் கழுவி, ஒருநாள் வெயிலில் காயவிட்டு, கத்திகளுக்குப் பழைய ஆயிலைத் தடவுங்கள். டேங்கில் டீசலை நிரப்பி வையுங்கள். காலியாக இருந்தால் ஐப்பசி ஈரத்தில் உள்ளே தண்ணீர் வேர்க்கும். ஹேண்டிலை மெதுவாகச் சுற்றி, அமுக்கம் கடினமாகத் தட்டும் இடத்தில் நிறுத்துங்கள். அங்கே இரண்டு வால்வும் மூடியிருக்கும், ஈரக்காற்று சிலிண்டருக்குள் போகாது. பெல்ட்டைத் தளர்த்திவிடுங்கள்.

அப்புறம், அடுத்த பருவத்தில் முதல்நாள் சேடை ஓட்டிய இரவு வண்டியை அசையாமல் நிற்கவிட்டு, காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால், அடிபோல்ட்டைத் தளர்த்தி ஒரு கரண்டி ஆயில் பிடித்துப் பாருங்கள். நான் அதற்கு எடுத்த ஈயத் தட்டு அம்மாவுடையது. கொட்டகை ஆணியில் தொங்குகிறது. திருப்பிக் கேட்பதை அவர் எப்போதோ நிறுத்திவிட்டார்.