வரப்பில் நிற்கும் குதிரைவாலிப் புல்லில் கஞ்சி: பறிப்பதிலிருந்து உமி நீக்குவது வரை

சோழவந்தான், வாடிப்பட்டி, மேலூர் என்று பெரியாறு, வைகைத் தண்ணீர் பாயும் எந்த ஊர் வயலுக்குப் போனாலும் வரப்போரம், வாய்க்கால் கரை, நாற்றங்கால் மூலை என எல்லா இடத்திலும் ஒரு புல் நிற்கும். களை எடுக்க இறங்குகிறவர்கள் முதலில் கை வைப்பது அதன் மேல்தான். காட்டுக் குதிரைவாலி, குதிரைவாலிப் புல் என்பார்கள். தாவரவியல் பெயர் எக்கினோகுளோவா கொலோனா. பேரையூர், டி. கல்லுப்பட்டி பக்கம் மானாவாரியில் விதைத்து அறுக்கிறார்களே குதிரைவாலி, அது இந்தக் காட்டுப் புல்லைப் பழக்கி வந்த பயிர்தான். அதனால் இதன் விதையும் சாப்பிடக்கூடியது. வட இந்தியாவில் விரத நாட்களில் அரிசி, கோதுமையைத் தள்ளிவைத்துவிட்டுச் சமைக்கிற ‘சாமா’வும் இந்த இனம்தான்.

கீழமாசி வீதியில் குதிரைவாலி அரிசி கிலோக்கணக்கில் கிடைக்கும்போது இந்தப் பாடு எதற்கு என்று கேட்டால், வயிறு நிறையச் சாப்பிட வேண்டுமென்றால் கடைக்கே போங்கள். இது ஒரு வேளைக் கஞ்சிக்கான வேலை, புல்லை விதையிலிருந்து சோறு வரை கையால் தொட்டுப் பார்க்க ஆசை உள்ளவர்களுக்கு. விதை சேர்ப்பதில் பெரிய கஷ்டம் கிடையாது. உமி நீக்குவதில்தான் பலரும் போதுமடா சாமி என்று விட்டுவிடுவார்கள், அதனால் அந்த இடத்தை மட்டும் நீட்டி எழுதியிருக்கிறேன்.

எப்போது, எங்கே

வாய்க்காலில் தண்ணீர் விட்டு நடவு முடிந்த பிறகு வரப்பெல்லாம் இது கிளம்பிவிடும். மழையை நம்பியிருக்கும் பக்கங்களில் ஐப்பசி, கார்த்திகை மழைதான் கணக்கு. முளைத்து ஏறக்குறைய ஒன்றரை மாதத்தில் கதிர் முற்றி விதை கொட்ட ஆரம்பித்துவிடும் என்பதால் கார்த்திகைக் கடைசியிலிருந்து பொங்கல் வரை நல்ல காலம். எல்லாச் செடியும் ஒரே நாளில் முளைப்பதில்லை, ஆகவே ஒரே வரப்பில் பூவும் பிஞ்சும் முற்றினதும் சேர்ந்தே கிடைக்கும்.

இடம் விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். மதுரை நகருக்குள்ளும் ஓரத்திலும் உள்ள கண்மாய்க் கரைகளில் இந்தப் புல் தளதளவென்று நிற்கும், பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் சாக்கடை கலக்கிற இடத்தில் வளர்ந்ததை வாயில் வைக்க வேண்டாம். ரோட்டோரமும் அப்படித்தான். நெல் வயலுக்குள்ளே நிற்பதும் வேண்டாம், ஏனென்றால் நட்ட சில நாட்களிலேயே பூட்டாகுளோர், பிரெட்டிலாகுளோர் மாதிரிக் களைக்கொல்லி போடுவார்கள், அதற்குத் தப்பி முளைத்ததை அழிக்க பிஸ்பைரிபேக் சோடியம் அடிப்பார்கள், நெல் கதிர் வரும் சமயம் பூச்சிமருந்து வேறு. அந்த மருந்துகளுக்கெல்லாம் முதல் குறியே நம்ம ஆள்தான். மருந்து அடிக்காத தோட்டம், தரிசு, மழைத்தண்ணீர் தேங்கி வற்றிய பள்ளம், இவைதான் சரி.

வயல்காரரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெரியவரிடம் “ஐயா, அந்தப் புல்லை நான் அறுத்துக்கிறட்டுமா”ன்னு கேட்டதற்கு, “களை பிடுங்க நான் கூலி குடுத்துக்கிட்டு இருக்கேன், நீ சும்மா வந்து பிடுங்குறேங்கிற, தாராளமா எடுத்துக்க தம்பி, வேரோட எடு”ன்னார். மருந்து அடித்தாரா, எப்போது அடித்தார் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளலாம். கையில் ஒரு கம்பு இருக்கட்டும். புல் அடர்ந்த வரப்பில் பாம்பு கிடக்கும்.

அடையாளம்

இந்தப் புல்லை நெல்லோடு குழப்பிக்கொள்வது பழகினவர்களுக்கும் நடக்கும், நாற்று வயதில் இரண்டும் அச்சு அசல் ஒன்று மாதிரியே இருக்கும். ஆனால் ஒரு சோதனை இருக்கிறது, ஒரு தடவை பார்த்தால் மறக்காது. ஒரு இலையைப் பிடித்து மெதுவாக வெளிப்பக்கம் வளையுங்கள். இலையின் தாள் தண்டைச் சுற்றியிருக்கும் உறையோடு சேரும் மூட்டு தெரியும். நெல்லாக இருந்தால் அந்த மூட்டில் கூராக, இரண்டாகப் பிளந்த வெள்ளைச் சவ்வு ஒன்று நிமிர்ந்து நிற்கும், இரண்டு பக்கமும் மயிர் முளைத்த சின்னக் காது மாதிரியும் இருக்கும். குதிரைவாலிப் புல்லில் அந்த இடம் வழுவழுவென்று மொட்டையாக இருக்கும். சவ்வும் கிடையாது, காதும் கிடையாது. நம் ஊர் வயல் புற்களில் இப்படி மொட்டை மூட்டு உள்ளவை மிகக் குறைவு என்பதால் இது ஒன்றே பாதிச் சந்தேகத்தைத் தீர்த்துவிடும்.

மீதியைக் கதிர் தீர்க்கும். நடுத்தண்டு ஒன்று, அதிலிருந்து ஒரு பக்கம் மாற்றி ஒரு பக்கம் சின்னச் சின்னக் கிளைகள், ஒவ்வொன்றும் ஒன்று அல்லது இரண்டு சென்டிமீட்டர், தண்டோடு ஒட்டினாற்போல் இருக்கும். கிளைக்கும் கிளைக்கும் நடுவில் இடைவெளி தெரியும். ஒவ்வொரு கிளையிலும் மணிகள் நெருக்கமாக நாலு வரிசையில் அடுக்கியிருக்கும். ஒரு மணி 2 முதல் 3 மில்லிமீட்டர், நுனி கூர், ஆனால் மீசை இருக்காது. செடியின் அடித்தண்டு கொஞ்சம் தட்டை, பெரும்பாலும் செவ்வூதா நிறம். சில செடிகளில் இலைக்குக் குறுக்கே ஊதாப் பட்டை ஓடும், அது இருந்தால் சந்தேகமே வேண்டாம், இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

கதிர் பெரிதாக, கிளைகள் நீளமாக, மணியில் நீட்டு மீசையோடு இடுப்பளவு நின்றால் அது இதன் நெருங்கிய சொந்தமான எக்கினோகுளோவா குருஸ்கள்ளி. ஜப்பானில் விளைவிக்கும் குதிரைவாலி அதிலிருந்து வந்தது. அதன் விதையையும் சாப்பிடலாம், மீசை இருப்பதால் புடைக்கக் கொஞ்சம் தொல்லை, அவ்வளவுதான்.

ஒதுக்க வேண்டியது காட்டு வரகு. அதே ஈர வரப்பில் கலந்து நிற்கும். மணி வட்டமாக, ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் புடைப்பு. தட்டையான கிளையில் ஒட்டி வரிசையாக இருக்கும். மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த வரகு வாந்தி, தலைசுற்றல், நடுக்கம் எல்லாம் கொடுக்கும், ஆடுமாடுகளுக்கும் ஆகாது. புதிதாகச் செய்கிறவர்கள் அதன் பக்கமே போக வேண்டாம். குதிரைவாலிக் கதிரிலும் கருப்புப் பொடி, வெள்ளைப் பூசணம், பிசுபிசுப்பு எது இருந்தாலும் அந்தக் கதிரை விட்டுவிடுங்கள்.

விதை எடுப்பது

பயிர்க் குதிரைவாலி அறுக்கிற வரை மணியைப் பிடித்து வைத்திருக்கும். காட்டுப் புல் அப்படியில்லை, முற்ற முற்ற நுனியிலிருந்து கொட்டிக்கொண்டே வரும். கதிர் முழுக்கப் பழுக்கட்டும் என்று காத்திருந்தால் உங்களுக்குக் காம்புதான் மிஞ்சும். மேல் பாதி பழுப்பேறி, விரலால் தடவினால் உதிர்கிற பதத்தில் எடுக்க வேண்டும்.

இரண்டு வழி உண்டு. பனி உலர்ந்த பிறகு, எட்டு ஒன்பது மணி வாக்கில், ஒரு சொளகையோ அகலத் தட்டையோ கதிருக்கு அடியில் பிடித்து, மறு கையால் கதிரை வளைத்துத் தட்டினால் முற்றின மணி மட்டும் பொலபொலவென்று விழும். பச்சை மணி செடியிலேயே நிற்கும், நாலைந்து நாள் கழித்துத் திரும்ப வரலாம். ஆப்பிரிக்காவில் சாட் நாட்டுப் பக்கம் காட்டுப் புல் விதைகளைக் கலந்து ‘கிரெப்’ என்று சமைப்பார்கள், அதற்கு விதை சேர்ப்பதும் ஏறக்குறைய இப்படித்தான், கூடையைப் புல்லின் தலைமேல் வீசிக்கொண்டே நடப்பார்கள். இன்னொரு வழி அறுப்பது. அறுப்பதென்றால் விடியற்காலையில், பனி ஈரம் இருக்கும்போதே அறுங்கள், ஈரத்தில் மணி சிந்தாது. கதிரை மட்டும் கொய்து பழைய வேட்டியில் போட்டு மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்துவிடலாம்.

தொடக்கத்துக்கு முதல் வழியே நல்லது. பதர் குறையும், மண்ணும் குறையும்.

காய வைத்துப் புடைப்பது

மொட்டை மாடியில் துணி விரித்து நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள். மதுரை வெயிலுக்கு அதுவே மிச்சம், மார்கழி மூடுபனியாக இருந்தால் இன்னும் ஒரு நாள் கூட்டிக்கொள்ளுங்கள். குருவி வரும், மேலே ஒரு பழைய கொசுவலையைப் போட்டு மூடிவிடுங்கள். ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடித்தால் ‘கடக்’கென்று உடைய வேண்டும், நசுங்கினால் இன்னும் காயவில்லை. கதிராக அறுத்து வந்திருந்தால் காய்ந்தபின் கம்பால் தட்டியோ காலால் மிதித்தோ மணியைப் பிரியுங்கள். அப்புறம் சொளகில் புடைத்தால் தூசும் பதரும் பறந்துவிடும். காற்று பலமாக வீசும் நேரத்தில் புடைக்காதீர்கள், நல்ல மணியும் சேர்ந்து போய்விடும், அவ்வளவு லேசு.

உமி நீக்குவது

இந்த மணிக்கு மேலே மெல்லிய சருகு, அதற்குள் பளபளவென்று வழுக்குகிற கெட்டி உமி, அதற்குள்தான் அரிசி. அந்த உமி அரிசியோடு ஒட்டியிருக்காது, இறுக்கமாக மூடியிருக்கும். ஆகவே மாவாக நொறுக்காமல் உரசிக் கழற்ற வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டால் எந்தக் கருவியிலும் செய்துவிடலாம்.

முதலில் வெறும் இரும்புச் சட்டியில் சிறு தீயில் கை சூடு பொறுக்கிற அளவுக்கு மட்டும் புரட்டி எடுத்து ஆறவிடுங்கள். உமி மொறுமொறுப்பாகும். பொரிய விட்டால் கெட்டது.

உரல், உலக்கை இருந்தால் அதற்கு ஈடு கிடையாது. உரலில் கால்வாசி மட்டும் போட்டு, உலக்கையை ஓங்கிப் போடாமல் அதன் எடையிலேயே விழ விடுங்கள். மணியின் மேல் மணி உரசித்தான் உமி கழல வேண்டும், அதனால் ரொம்பக் கொஞ்சமாகப் போட்டாலும் உலக்கை நேராக அரிசி மேல் விழுந்து நொய்யாகிவிடும். கொஞ்ச நேரம் குத்துவது, அள்ளிப் புடைப்பது, மறுபடி குத்துவது. முதல் தடவை புடைக்கும்போது ஒன்றுமே நடக்காத மாதிரிதான் இருக்கும். மூன்றாம் தடவை சொளகின் ஓரத்தில் மங்கின வெள்ளையாகச் சின்ன அரிசி தெரிய ஆரம்பிக்கும். கசகசாவைவிடக் கொஞ்சம் பெரிது.

மிக்ஸிதான் இருக்கிறதென்றால் சின்ன ஜாரில் பாதி போட்டு, குமிழை எதிர்ப்பக்கம் திருகி ஒரு நொடி, விடுவது, திரும்ப ஒரு நொடி. தொடர்ந்து ஓடவிட்டால் உமியும் அரிசியும் சேர்ந்து மாவாகிவிடும், அந்த மாவிலிருந்து உமியை யாராலும் பிரிக்க முடியாது. ஒவ்வொரு சுற்றுக்கும் வெளியே கொட்டி, ஊதிப் பார்த்து, கழன்றதை எடுத்துவிட்டு மீதியை மட்டும் திரும்பப் போடுங்கள். நொய் கூடத்தான் விழும், கஞ்சிக்கு அது குறையே இல்லை.

கழலாத மணி கொஞ்சம் கடைசி வரை மிஞ்சும். அதோடு மல்லுக்கட்டாதீர்கள், தண்ணீரில் பார்த்துக்கொள்ளலாம்.

அரித்துச் சமைப்பது

சட்டியில் அரிசியைப் போட்டு நிறையத் தண்ணீர் விட்டு ஒரு கலக்குக் கலக்குங்கள். மிதக்கிற உமியை வடித்துவிடுங்கள். அப்புறம் சட்டியைச் சாய்த்து லேசாக ஆட்டி ஆட்டி, தண்ணீரோடு எழும்புகிற அரிசியை வேறு பாத்திரத்தில் தள்ளிக்கொண்டே வந்தால், அடியில் மண்ணும் பொடிக்கல்லும் தங்கும். கடைசிக் கைப்பிடி அரிசியைப் பற்றி ஆசைப்படாமல் மண்ணோடு விட்டுவிடுங்கள். பல்லில் கல் கடிபட்டால் அத்தனை வேலையும் வீண்.

ஒரு மணி நேரம் ஊறட்டும். தீட்டாத அரிசி என்பதால் கடைக் குதிரைவாலியைவிட மெதுவாக வேகும். அரை டம்ளர் அரிசிக்கு நாலு டம்ளர் தண்ணீர், நாலு பல் பூண்டு, கொஞ்சம் சீரகம், கால் ஸ்பூன் வெந்தயம் போட்டு, அடிக்கடி கிளறி, அரிசி மலர்ந்து குழைகிற வரை சிறு தீயில் வையுங்கள். இறக்கி உப்பு போட்டு, ஆறினதும் மோர் ஊற்றி, சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டால் சரி. தொட்டுக்கொள்ள மோர் மிளகாய் அல்லது சுட்ட கருவாடு. ருசி கடைக் குதிரைவாலியைவிடக் கொஞ்சம் அழுத்தமாக, தவிட்டு வாசனையோடு இருக்கும், எல்லோருக்கும் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். முதல் தடவை கொஞ்சமாகக் குடித்துப் பாருங்கள், வயிறு ஏற்றுக்கொண்டால் அடுத்த தடவை தாராளமாக. சர்க்கரைக்கு மருந்து, உடம்பு இளைக்கும் என்றெல்லாம் யாராவது சொன்னால் காதில் வாங்க வேண்டாம், இது ஒரு தானியம், அவ்வளவுதான்.

புடைத்த உமி, பதர், மண்ணோடு மிஞ்சியது எதையும் எருக்குழியில் கொட்டாதீர்கள், வயல் பக்கம் வீசவும் வேண்டாம். அதில் முளைக்கிற விதை கட்டாயம் இருக்கும், ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை போடும், அடுத்த நடவில் அந்த வயல்காரர் உங்களைத்தான் தேடுவார். வீட்டில் கோழி இருந்தால் அதற்குப் போடுங்கள், இல்லையென்றால் அடுப்பில் போட்டு எரித்துவிடுங்கள்.