சிறு நிறுவனத்தில் ஊழியர்களின் மனநலம்: எங்கிருந்து தொடங்குவது?

பத்துப் பேர் வேலை பார்க்கும் இடத்தில் மனிதவளத் துறை என்று தனியாக எதுவும் இருக்காது. சம்பளம் போடுவது, விடுப்பு கொடுப்பது, இரண்டு பேருக்குள் மனக்கசப்பு வந்தால் பேசித் தீர்ப்பது எல்லாம் ஒரே ஆள்தான். அதனால் மனநலம் என்றதுமே "அதெல்லாம் பெரிய கம்பெனிகளுக்கு" என்று தள்ளிவைக்கத் தோன்றும். ஆனால் பெரிய கம்பெனிகளுக்கு இல்லாத வசதி ஒன்று உங்களிடம் இருக்கிறது. ஒருவரின் வேலை நேரத்தை மாற்ற வேண்டுமென்றால் நாளைக் காலையிலேயே மாற்றிவிடலாம். யாரிடமும் அனுமதி கேட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை.

மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் உலகம் முழுவதும் ஆண்டுக்கு சுமார் 1,200 கோடி வேலை நாட்கள் வீணாவதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. உங்கள் இடத்தில் ஒரே ஒருவர் இரண்டு வாரம் வராவிட்டால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். சரி, செய்முறைக்கு வருவோம்.

படி 1: முதலில் வேலையைச் சோதியுங்கள்

பலரும் இதைத் தாண்டிப்போய் யோகா வகுப்பு, ஊக்கப் பேச்சு என்று தொடங்குகிறார்கள். அவற்றால் கெடுதல் இல்லை. ஆனால் மூன்று பேர் வேலையை ஒருவர் தலையில் கட்டிவிட்டு, அவரை மூச்சுப் பயிற்சி செய்யச் சொல்வதில் நியாயமும் இல்லை.

பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பு, வேலையில் மன அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க ஆறு இடங்களைச் சொல்கிறது: வேலைப் பளு, வேலையின் மேல் ஊழியருக்கு இருக்கும் பிடி, கிடைக்கும் ஆதரவு, சக ஊழியர்களுடனான உறவு, தன் பொறுப்பு என்ன என்ற தெளிவு, மாற்றங்களைக் கையாளும் விதம். ஒரு தாளை எடுத்து, ஒவ்வொரு ஊழியரின் பெயருக்கும் எதிரே இந்த ஆறையும் எழுதிப் பாருங்கள்.

சிறு நிறுவனங்களில் எனக்கு அடிக்கடி கண்ணில் படுவது ஐந்தாவது. கணவனும் மனைவியுமோ அண்ணனும் தம்பியுமோ சேர்ந்து தொழில் நடத்தும் இடத்தில், ஒருவர் "இதை முதலில் முடி" என்பார், இன்னொருவர் "அது கிடக்கட்டும், இதைப் பார்" என்பார். நடுவில் மாட்டிக்கொண்டவர் தினமும் யாரிடமாவது திட்டு வாங்குவார். இதற்கு மருந்து எளிது: ஒரு ஊழியருக்கு வேலை சொல்பவர் ஒருவர்தான் என்று முதலாளிகள் தங்களுக்குள் முடிவு செய்து, அதை அவரிடமும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது நேரம். வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து சுமார் 35% அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் தெரிவித்தன. கடந்த நான்கு வாரங்களில் யார் எத்தனை மணி நேரம் இருந்தார்கள் என்று கூட்டிப் பாருங்கள். வாய் திறந்து எதுவும் கேட்காத ஆளின் கணக்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

படி 2: மாற்றத்தைக் கவனியுங்கள்

நேரத்துக்கு வருபவர் தாமதமாக வருகிறார். கலகலப்பாக இருந்தவர் ஒதுங்கிச் சாப்பிடுகிறார். கணக்கில் தவறே செய்யாதவர் ஒரே தவறைத் திரும்பத் திரும்பச் செய்கிறார். ஒரு நாள் இப்படி இருந்தால் பரவாயில்லை. இரண்டு வாரம் தொடர்ந்தால் பேச வேண்டும். இது என்ன நோய் என்று பெயர் வைப்பது மருத்துவரின் வேலை, அதில் நீங்கள் இறங்க வேண்டாம்.

படி 3: தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள்

பலருக்கும் பயமே இங்கேதான். எப்படி ஆரம்பிப்பது?

நீங்கள் பார்த்ததைச் சொல்லி ஆரம்பியுங்கள். "கொஞ்ச நாளாக நீங்கள் ரொம்பக் களைப்பாகத் தெரிகிறீர்கள், மதியம் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அந்த அமைதி சங்கடமாகத்தான் இருக்கும். அதை நிரப்ப அவசரப்பட்டு அறிவுரை சொல்லத் தொடங்கினால், அவர் "ஒன்றும் இல்லை" என்று எழுந்து போய்விடுவார். "எல்லோருக்கும்தான் கஷ்டம் இருக்கிறது", "தைரியமாக இருங்கள்" என்பவையெல்லாம் நல்லெண்ணத்தில் வருபவைதான். ஆனால் கேட்பவர் காதில் "இனி பேசாதே" என்றுதான் விழும்.

அவர் பேசி முடித்ததும் ஒரே ஒரு கேள்வி: "வேலையில் எதை மாற்றினால் உங்களுக்குக் கொஞ்சம் இலகுவாக இருக்கும்?" பதில் பெரும்பாலும் சின்னதாகத்தான் இருக்கும். ஒரு மணி நேரம் தாமதமாக வருவது, ஒரு மாதத்துக்கு வாடிக்கையாளர் அழைப்புகளை வேறொருவர் எடுப்பது, இப்படி. முதல் தடவை அவர் எதுவும் சொல்லாமல் போகலாம். வற்புறுத்தாமல், ஒரு வாரம் கழித்து மறுபடியும் கேளுங்கள்.

இப்படிப் பேசுவதற்குப் பயிற்சி எடுத்துக்கொள்ளலாம். 2000இல் ஆஸ்திரேலியாவில் பெட்டி கிச்சனரும் ஆன்டனி ஜார்மும் தொடங்கிய "மனநல முதலுதவி" வகுப்பு இப்போது பல நாடுகளில் நடக்கிறது. ஊழியர்களை வழிநடத்துபவர்களுக்கு மனநலப் பயிற்சி தர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2022 வழிகாட்டுதலும் சொல்கிறது.

படி 4: கேட்டது உங்களோடு இருக்கட்டும்

சின்ன இடத்தில் ரகசியம் கசிய ஒரு பார்வை போதும். ஒருவருக்கு நேரம் மாற்றிக் கொடுத்தால் மற்றவர்கள் காரணம் கேட்பார்கள். அவர்களிடம் என்ன சொல்லலாம் என்று அவரிடமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். "இப்போதைக்கு இப்படி ஏற்பாடு செய்திருக்கிறோம்" என்ற அளவு போதும். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் உதவி செய்யக்கூடியவர்களிடம் சொல்ல வேண்டிவரும் என்பதையும் அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

படி 5: ஒத்துக்கொண்டதை எழுதி, தேதி போடுங்கள்

என்ன மாற்றம், எதுவரை, மறுபடி எப்போது உட்கார்ந்து பேசுவது என்று மூன்றே வரி. சிகிச்சையில் இருப்பவர் என்றால் பொறுமை வேண்டும். மனச்சோர்வுக்கான மருந்துகள் முழுதாக வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும், தொடக்கத்தில் சிலருக்குத் தூக்கக் கலக்கமும் இருக்கும். இயந்திரத்திலோ வாகனத்திலோ வேலை செய்பவர் என்றால் அதுவரை வேறு வேலை கொடுங்கள். நீண்ட விடுப்பு முடிந்து திரும்புபவரை முதல் நாளே முழு வேலையில் இறக்காமல், அரை நாளில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டலாம்.

படி 6: நெருக்கடிக்கு முன்கூட்டியே தயாராகுங்கள்

"நான் இருந்து என்ன பயன்" என்று ஒருவர் சொன்னால், பேச்சை மாற்றாதீர்கள். "உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. பலருக்கு யாராவது கேட்டதே ஆறுதலாக இருக்கிறது. ஆமாம் என்றால் அவரைத் தனியாக விடாதீர்கள். ஆபத்தான பொருட்களை எட்டாமல் வையுங்கள், அவர் நம்பும் ஒருவரை வரவழையுங்கள், மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். உடனடி ஆபத்து என்றால் அவசர எண்ணை அழையுங்கள். உங்கள் பகுதியின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை இன்றே தேடி, எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டிவிடுங்கள்.

படி 7: உங்கள் கைபேசி

இரவு பதினொரு மணிக்கு உங்களுக்கு ஒரு யோசனை வருகிறது, குழுவில் போட்டுவிடுகிறீர்கள். "காலையில் பார்த்தால் போதும்" என்றே நினைத்திருப்பீர்கள். ஆனால் அனுப்பியவர் முதலாளி, யாரும் காலைவரை காத்திருக்க மாட்டார்கள். எழுதியதை வரைவாக வைத்துக் காலையில் அனுப்புங்கள். நீங்களும் விடுப்பு எடுங்கள், எடுக்கப் போவதை எல்லோருக்கும் தெரியும்படி சொல்லிவிட்டுப் போங்கள். முதலாளி விடுப்பே எடுக்காத இடத்தில் ஊழியர் விடுப்பு கேட்கத் தயங்குவார்.

மூன்று மாதம் கழித்து முதல் படியில் எழுதிய தாளை மறுபடி எடுங்கள். இந்தத் தடவை நீங்களாக நிரப்பாமல், ஒவ்வொருவரையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டு எழுதுங்கள்.