விழாமல் இருக்க ஒரு கும்மி

வயசானால் நடைப்பயிற்சி போதும் என்கிறார்கள். விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நேர்ச்சாலையில் நடக்கிறபோதா விழுகிறோம்? யாரோ கூப்பிட, பதில் சொல்லிக்கொண்டே வாசப்படி இறங்குகிறபோதுதானே! காலும் கவனமும் சேர்ந்து பழகணும். அதற்கு ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம், பாம்பன் ஊர்ப்பக்கம் ஆடுகிற முளைப்பாரிக் கும்மி ஒன்றே போதும்.

ஜெனீவாவில் 65 வயது தாண்டிய 134 பேரை வைத்து ஓர் ஆய்வு நடத்தி, 2011இல் வெளியிட்டார்கள். வாரம் ஒரு மணி நேரம், ஆறு மாதம், பியானோ தாளம் மாற மாற நடையை மாற்றணும். விழுவது நன்றாகவே குறைந்ததாம். நமக்குப் பியானோ எதற்கு, கை இருக்கிறது.

முதலில் நாற்காலி. பிளாஸ்டிக் வேண்டாம், வழுக்கும். மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். உட்கார்ந்தபடி கைதட்டி, தட்டுக்கொரு காலாகத் தரையில் மிதியுங்கள். பழகியதும் மூன்று தட்டுக்கு ஒருமுறை காலை மாற்றுங்கள். அங்கேதான் எல்லாரும் தடுமாறிச் சிரிப்பார்கள். அடுத்து எழுந்து, நாற்காலி முதுகைப் பிடித்தபடி அதே மிதி.

பிறகுதான் வட்டம். நாலைந்து பேர் இருந்தால் போதும். ஒருத்தர் நடுவில் நின்று தட்டணும். ஒற்றைத் தட்டுக்கு ஓரடி முன்னே. இரட்டைத் தட்டு விழுந்தால் நின்று உள்பக்கம் திரும்பிக் கைதட்டணும். மூன்று தட்டு என்றால் வந்த வழியே திரும்பணும். எது வரும் என்று முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள்; சொன்னால் அது வெறும் நடைதான்.

முளைப்பாரியில் ஆடுவதுபோல நன்றாகக் குனியணும் என்று மதினிமார் அடம்பிடிப்பார்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் குனிந்து நிமிர்ந்தால் தலை சுற்றலாம், நின்றே தட்டட்டும். கடற்கரையில் ஆடுகிற ஆசையும் இப்போதைக்கு வேண்டாம். காய்ந்த மணல் காலை வாரிவிடும். முற்றமே நல்லது.

கரைவலை இழுத்த அண்ணன்மார் கும்மிக்கு வரமாட்டார்கள், கூப்பிட்டுப் பார்த்தாயிற்று. அவர்களுக்குத் தூணில் தாம்புக்கயிறு கட்டிக் கொடுங்கள். ஒரு கால் முன்னே வைத்து, வலை இழுக்கிறபோது பாடுகிற அம்பாப் பாட்டைப் பாடியபடி இழுக்கட்டும். மூச்சைப் பிடித்து இழுத்தால் ரத்த அழுத்தம் ஏறும். பாடுகிற வாய் மூச்சைப் பிடிக்காது. பெண்களும் இழுக்கலாம், இழுக்கணும்.

வாரத்தில் மூன்று நாள் கும்மி, இரண்டு நாள் கயிறு. உலக சுகாதார நிறுவனமும் 65 தாண்டியவர்களுக்குக் குறைந்தது சமநிலைக்கு மூன்று நாள், தசை வலுவுக்கு இரண்டு நாள் என்றுதான் சொல்கிறது. சமீபத்தில் விழுந்தவர்களும் மூட்டு ஆபரேஷன் ஆனவர்களும் டாக்டரைக் கேட்டுவிட்டு வாருங்கள். அதுவரை வட்டத்தின் நடுவில் இருந்து தட்டுகிற வேலை அவர்களுக்கு, அதுவும் நாற்காலியில் உட்கார்ந்தபடி.