பஸ்ஸிலிருந்து பயணியை இறக்கிவிடுவது: எப்போது, எப்படி?

தமிழ்நாட்டில் அரசு பஸ்ஸோ தனியார் பஸ்ஸோ, கண்டக்டரான நீங்கள் ஒருவரை வழியில் இறக்கிவிடும் முன் அவர் எந்த விதியை மீறினார் என்று ஒரே வரியில் சொல்ல முடிகிறதா பாருங்கள். முடியாவிட்டால் இறக்காதீர்கள். விசாரணையில் முதலில் கேட்பதே அதைத்தான்.

டிக்கெட் தகராறுதான் அதிகம். மோட்டார் வாகனச் சட்டம் (1988) 124ஆம் பிரிவின்படி டிக்கெட்டோ பாஸோ இல்லாமல் பயணம் செய்யக் கூடாது. 178ஆம் பிரிவில் 500 ரூபாய் வரை அபராதம். டிக்கெட் எடுக்கவே மறுப்பவரை அடுத்த நிறுத்தத்தில் இறங்கச் சொல்லலாம். ஆனால் நூறு ரூபாய்த் தாளை நீட்டுபவர் மறுக்கிறவர் அல்ல. சில்லறை இல்லையென்றால் பாக்கியை டிக்கெட்டின் பின்புறம் எழுதிக் கொடுங்கள். காசு வாங்கிக்கொண்டு டிக்கெட் தராத கண்டக்டருக்கும் அதே 178ஆம் பிரிவில் அதே 500 ரூபாய்தான். இது பலருக்கு நினைவிருப்பதில்லை.

பெண்களிடம் அத்துமீறுபவர் விஷயத்தில் விதி இன்னும் தெளிவு. தமிழ்நாடு மோட்டார் வாகன விதிகளில் (1989) 2022இல் வந்த திருத்தம் முறைத்துப் பார்ப்பது, விசிலடிப்பது, கண்ணடிப்பது, பாட்டுப் பாடிச் சீண்டுவது, படமெடுப்பது எல்லாவற்றையும் சொல்கிறது. அவரை இறக்கிவிடலாம், அல்லது வழியிலுள்ள காவல் நிலையத்தில் ஒப்படைக்கலாம். ஒப்படைப்பதே மேல். இறக்கிவிட்டால் அடுத்த பஸ்ஸில் ஏறி அதையே செய்வார்.

படிக்கட்டில் தொங்குவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 123ஆம் பிரிவு தடை செய்கிறது. தொங்க அனுமதிப்பவரும் அதில் சிக்குவார். பள்ளிப் பிள்ளைகள் என்றால் இறக்கிவிடாதீர்கள். விசில் கொடுத்து நிறுத்தி, உள்ளே ஏறும்வரை வண்டியை எடுக்காமல் இருங்கள்.

இறங்கச் சொல்வது கண்டக்டர் வேலை. டிரைவர் சீட்டை விட்டு எழுந்து வந்தால் சண்டை இரட்டிப்பாகும். காரணத்தைச் சொல்லி, சுற்றியிருப்பவர்கள் காதில் விழும்படி இரண்டு முறை எச்சரியுங்கள். பிறகும் கேட்காவிட்டால் வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள நிறுத்தத்தில், வண்டி முழுதாக நின்றபின் இறக்குங்கள். பைபாஸிலோ மேம்பாலத்திலோ வேண்டாம். பின்னால் வரும் லாரி அடித்தால் பழி உங்கள் மேல்தான்.

சட்டையைப் பிடித்து இழுக்கவே கூடாது. கை வைத்த நிமிடத்தில் டிக்கெட் தகராறு அடிதடி வழக்காகிவிடும். இறங்க மறுத்தால் வண்டியை ஓரங்கட்டி 112க்கு அழையுங்கள். நிற்க முடியாத அளவு குடித்தவர், தனியாக வந்த சிறுவர், இரவில் தனியாக வரும் பெண் ஆகியோரை நடுவழியில் விட்டுவிடாதீர்கள், போலீஸ் வரட்டும்.

முடிந்த கையோடு நேரம், நிறுத்தம், காரணம், டிக்கெட் எண் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். சாட்சி சொல்லச் சம்மதிக்கும் இரண்டு பயணிகளின் செல் நம்பரையும் வாங்கி, அந்த டிரிப் முடிவதற்குள் டிப்போவுக்குச் சொல்லிவிடுங்கள்.