ரெகுலர் சேவர் கணக்குகள் நாலைந்து வைத்து நல்ல வட்டி வாங்குவது எப்படி

பிரிட்டனில் இருக்கும் நம் ஆட்களுக்கு மாதா மாதம் பணம் கட்டுவது புதிதில்லை, சீட்டுக் கட்டிப் பழகிய கைதான். அதே ஒழுங்கோடு வங்கியின் ரெகுலர் சேவர் கணக்கில், அதாவது மாதா மாதம் ஒரு தொகை போட்டு பெரும்பாலும் ஒரு வருடத்தில் முதிரும் கணக்கில், கட்டினால் சாதாரண சேமிப்புக் கணக்கைவிட நல்ல வட்டி கிடைக்கும், யாராவது இடையில் கட்டாமல் போய்விடுவார்களோ என்ற பயமும் கிடையாது. ஒரே தடை உச்சவரம்பு. ஒரு கணக்கில் மாதம் 200, 250, 300 பவுண்டு என்று நிறுத்திவிடுவார்கள். அதனால்தான் ஒன்றோடு நிற்காமல் நாலைந்து திறக்க வேண்டியிருக்கிறது.

முதலில் வட்டிக் கணக்கைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள், இங்கேதான் பலர் ஏமாந்துவிட்டோம் என்று நினைக்கிறார்கள். மாதம் 300 பவுண்டு, 7 சதவீதம், 12 மாதம் என்று வைத்துக்கொள்வோம். கட்டியது 3,600, ஆனால் வருவது 252 பவுண்டு இல்லை, சுமார் 136 பவுண்டு 50 பென்ஸ். முதல் மாதம் போட்ட 300 மட்டும்தான் முழு வருடம் உள்ளே இருந்தது, கடைசி மாதத்து 300க்கு ஒரே ஒரு மாத வட்டிதான். வங்கி ஏமாற்றவில்லை. உள்ளே இருந்த பணத்துக்கு, இருந்த நாளுக்கு, 7 சதவீதம் சரியாகவே வந்திருக்கிறது.

அப்படியென்றால் மீதிப் பணம் காத்திருக்கும் நேரத்தில் எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. கையில் 3,600 மொத்தமாக இருந்தால் அதைக் கரண்ட் அக்கவுண்டில் தூங்க விடாதீர்கள். எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய ஈசி ஆக்சஸ் கணக்கில், 4 சதவீதம் தருகிறது என்று வைத்துக்கொண்டால், போட்டுவிட்டு அங்கிருந்து மாதம் 300 ரெகுலர் சேவருக்கு அனுப்புங்கள். காத்திருந்த பணத்துக்கு 66 பவுண்டு, ரெகுலர் சேவரில் 136.50, ஆக 202.50. முழுவதையும் 4 சதவீதத்திலேயே விட்டிருந்தால் 144தான். ஒரு கணக்கில் 58 பவுண்டு அதிகம் என்பது சின்னதாகத் தெரியலாம், நாலு கணக்கு, கணவன் மனைவி இருவர் பெயரிலும் தனித்தனியாக என்று போகும்போது அது நல்ல தொகை.

ஆனால் கிரெடிட் கார்டில் வட்டி ஓடும் கடன் இருந்தால் இதெல்லாம் அப்புறம், முதலில் அதை அடைத்துவிடுங்கள். அவசரத்துக்கான பணத்தையும் இதில் போடாதீர்கள், ஏனென்றால் சில கணக்குகளில் இடையில் எடுக்கவே முடியாது, மூடத்தான் வேண்டும், மூடினால் குறைந்த வட்டிதான் கிடைக்கும். ஃபர்ஸ்ட் டைரக்ட் வங்கியின் கணக்கு அப்படிப்பட்டது. நேஷன்வைடில் சில தடவை எடுக்கலாம், அதைத் தாண்டினால் வட்டி விழும். வட்டி நிலையானதா மாறக்கூடியதா என்பதையும் திறக்கும் முன் விதிகளில் பாருங்கள்.

எந்த வரிசையில் திறப்பது? ஏற்கெனவே கரண்ட் அக்கவுண்ட் இருக்கும் வங்கியில் தொடங்குங்கள், நல்ல வட்டி பெரும்பாலும் அவர்களுடைய வாடிக்கையாளர்களுக்கே. அடுத்து எல்லோருக்கும் திறந்திருக்கும் பில்டிங் சொசைட்டிகள், அதாவது உறுப்பினர்களுக்கே சொந்தமான, வங்கி மாதிரியான நிறுவனங்கள். இதற்காகப் புதிதாகக் கரண்ட் அக்கவுண்ட் திறந்தால் கிரெடிட் பதிவில் அது தெரியக்கூடும், ஆகவே சில மாதங்களில் வீட்டுக் கடன் கேட்கப் போகிறவர்கள் பொறுத்திருப்பது நல்லது. நிலையான நல்ல வட்டியோடு ஒரு கணக்கு வந்தால், கையில் பணம் இல்லாவிட்டாலும் குறைந்தபட்சத் தொகையோடு திறந்து இடம் பிடித்து வையுங்கள். இந்தக் கணக்குகளைத் திடீரென்று நிறுத்திவிடுவார்கள்.

நம் பெயர்கள் இதில் ஒரு தனித் தலைவலி. அப்பா பெயர் ஒரு இடத்தில் முன்னால், இன்னொரு இடத்தில் பின்னால், வேறொன்றில் வெறும் இனிஷியல். பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, வாக்காளர் பட்டியலில் வேறு மாதிரி இருந்தால் ஆன்லைன் அடையாளச் சோதனை நின்றுவிடுகிறது, பணம் அனுப்பும்போதும் பெயர் பொருந்தவில்லை என்று வருகிறது. எல்லாக் கணக்கையும் ஒரே எழுத்தில், ஒரே வரிசையில் திறங்கள். இதை நான் மிகவும் வற்புறுத்திச் சொல்வேன்.

இனி தேதி. சம்பளம் வரும் ஒரே கணக்கிலிருந்து எல்லாவற்றுக்கும் ஸ்டாண்டிங் ஆர்டர், அதாவது மாதா மாதம் தானாகப் பணம் போகும் ஏற்பாடு, போடுங்கள். மாதக் கடைசித் தேதிகள் வேண்டாம். 31ஆம் தேதி ஞாயிறாக இருந்தால் பணம் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும், அந்த மாதம் இரண்டு தவணை சேர்ந்து உச்சவரம்பைத் தாண்டும், திருப்பி அனுப்பிவிடுவார்கள். 2 அல்லது 3ஆம் தேதி பாதுகாப்பு. சில இடங்களில் மாதம் என்பது காலண்டர் மாதம் இல்லை, கணக்குத் திறந்த தேதியிலிருந்து எண்ணுவார்கள், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பில்டிங் சொசைட்டிக்கு அனுப்பும்போது அவர்கள் உங்கள் கணக்குக்குத் தரும் ரோல் எண்ணை ரெஃபரன்ஸ் இடத்தில் போட மறந்தால் பணம் நடுவில் தொங்கும். ஒரு மாதம் கையில் பணம் போதாவிட்டால், வட்டி குறைந்த கணக்கில்தான் தவணையைக் குறைக்க வேண்டும், அதற்கும் அந்தக் கணக்கு தவணை விட அனுமதிக்கிறதா என்று பார்த்துவிட்டு.

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் திறக்காமல் இரண்டு மூன்று மாத இடைவெளியில் திறப்பது என் பழக்கம். ஒன்று முதிரும்போது வரும் மொத்தப் பணம் ஈசி ஆக்சஸுக்குப் போய், அங்கிருந்து மற்றவற்றுக்குத் தவணையாகிறது, சம்பளத்தைத் தொட வேண்டியதில்லை.

வரியை மறக்காதீர்கள். அடிப்படை விகிதத்தில் வரி கட்டுபவருக்கு வருடம் 1,000 பவுண்டு வட்டிவரை வரி இல்லை, உயர் விகிதத்தில் 500, அதற்கும் மேலே உள்ளவர்களுக்கு இந்தச் சலுகையே இல்லை. முதிர்வில்தான் வட்டி வருகிறது என்றால் முழுவதும் அந்த வரி வருடத்தில் சேரும், ஆகவே வரி வருடம் முடியும் ஏப்ரல் 5க்கு முன்னும் பின்னும் முதிர்வுகள் பிரிந்து விழுந்தால் நல்லது. குறைந்த வருமானம் உள்ள துணைவர் பெயரில் அதிகம் போடுவதும் இதற்காகத்தான்.

கடைசியாக முதிர்வு. ஒருமுறை நான் தேதியைக் குறிக்காமல் விட்டேன். பணம் தானாகவே மிகக் குறைந்த வட்டிக் கணக்கு ஒன்றுக்கு மாறி நாலு மாதம் அங்கேயே கிடந்தது, ஸ்டாண்டிங் ஆர்டரும் நிற்காமல் அதற்குள் போய்க்கொண்டிருந்தது. அதிலிருந்து ஒவ்வொரு கணக்குக்கும் வங்கி, வட்டி, தவணை, திறந்த தேதி, முதிரும் தேதி என்று ஒரே தாளில் எழுதி, முதிர்வுக்கு ஒரு வாரம் முன்னால் போனில் அலாரம் வைக்கிறேன். அலாரம் அடித்த அன்றே ஸ்டாண்டிங் ஆர்டரை நிறுத்திவிட்டு, அதே வங்கியில் புதிய ரெகுலர் சேவர் எப்போது திறக்கலாம் என்று பார்த்துவிடுகிறேன்.