கால்வளையம் கண்ட அவசரத்தில் செய்யும் தவறுகள்

கடந்த தை மாதத்தில் ஒரு காலை, எண்ணூர் முகத்துவாரத்துச் சேற்றுத் திட்டுக்கு எதிரே நான்கு மாணவர்களுடன் நின்றிருந்தேன். நீர் வற்றிக்கொண்டிருந்தது. உள்ளான் கூட்டம் ஒன்று வந்து இறங்கியதும், காலில் கொடி, அதாவது அடையாளத்துக்காக ஆய்வாளர்கள் மாட்டும் சிறு நிறப் பட்டை, உள்ள பறவை ஒன்றை அவர்களில் ஒருவன் கண்டுபிடித்துவிட்டான். அடுத்த சில நிமிடங்களில் அவர்கள் செய்த தவறுகள் அனைத்தும், திருவொற்றியூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியிலிருந்து பறவை பார்க்கத் தொடங்கிய நாட்களில் நானும் செய்தவை. வளையமிட்ட பறவைகளைத் தேடிப் பதிவு செய்யும் தன்னார்வலர்களுக்காக அவற்றை எழுதி வைக்க வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன். தேதியைக் குறிக்க மறப்பது, இடத்தை எழுதாமல் விடுவது போன்றவற்றை எவரும் இரண்டாவது வாரத்திலேயே திருத்திக்கொள்வார்கள் என்பதால் அவற்றை இங்கே சேர்க்கவில்லை.

பந்தயப் புறாவை வலசைப் பறவையாக எண்ணுவது

வடசென்னையில் மாடியிலிருந்து பார்ப்பவரின் கண்ணில் முதலில் படும் வளையம் பெரும்பாலும் பந்தயப் புறாவின் வளையமாகவே இருக்கும். தண்டையார்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் மாடிக்கு மாடி புறாக் கூண்டு உண்டு. வடக்கே ஆந்திரத்தில் திறந்துவிடப்பட்டு வீடு திரும்பும் புறாக்களில் ஒன்றிரண்டு களைத்துப்போய் அறிமுகமில்லாத மாடியில் இறங்குவதும் உண்டு. அந்த வளையத்தில் ஆண்டும் எண்ணும் புறாச் சங்கத்தின் எழுத்துகளும் இருக்கும். குஞ்சுக்கு ஒரு வார வயது இருக்கும்போதே விரல்களைச் சேர்த்து நுழைத்துவிடுவதால் அதில் இணைப்பு இருக்காது. காட்டுப் பறவைக்குப் போடும் உலோக வளையமோ திறந்த நிலையில் காலில் வைத்து இடுக்கியால் மூடப்படுவது. உற்றுப் பார்த்தால் இரு முனைகளும் சேரும் கோடு தெரியும். இந்தியாவில் போடப்படும் அத்தகைய வளையங்களில், பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்குத் தெரிவிக்கும்படி ஆங்கிலத்தில் பொறித்து, கூடவே எழுத்தும் எண்ணும் கொடுத்திருப்பார்கள். புறாவுக்குத் தண்ணீரும் தானியமும் வைத்துவிட்டுத் தெருவில் புறா வளர்ப்பவர் ஒருவரிடம் வளையத்தின் படத்தைக் காட்டினால் போதும். எந்தச் சங்கத்துப் புறா என்பதை அவரே பெரும்பாலும் சொல்லிவிடுவார்.

மாஞ்சா நூலைக் கொடியாகப் பார்ப்பது

கொக்கின் காலில் நிறமாக ஏதோ தொங்கினால், அது காலோடு இறுகியிருக்கிறதா, காற்றில் ஆடுகிறதா என்பதை முதலில் பாருங்கள். ஆடினால் அது மாஞ்சா நூலாகவோ அறுந்த மீன்வலையாகவோ இருக்கக்கூடும். அந்தப் பறவைக்குத் தேவை உதவி.

தெரியாத எழுத்தை ஊகித்து நிரப்புவது

இந்தக் கட்டுரையை எழுத வைத்த தவறு இதுதான். பல ஆண்டுகள் கழிந்த பிறகும் இதைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது.

பதிவு செய்யத் தொடங்கிய மூன்றாம் ஆண்டில், இதே முகத்துவாரத்தில் வளைமூக்கு உள்ளான் ஒன்றின் காலில் கொடியைக் கண்டேன். மூன்று குறிகளில் முதல் இரண்டும் தெளிவாகத் தெரிந்தன. மூன்றாவது ஆங்கில எழுத்து 'எஃப்' போலத் தோன்றியது. பறவை சேற்றில் இறங்கி இரை தேடிக்கொண்டிருந்ததால் கொடியின் அடிவிளிம்பில் சேறு அப்பியிருந்தது. ஆனால் முழுக் குறியீட்டையும் அனுப்பிவிட வேண்டும் என்ற ஆசையில் 'எஃப்' என்றே எழுதி அனுப்பினேன். சில வாரங்களில் பதில் வந்தது. அந்தப் பறவைக்கு எந்த ஆண்டில், எந்தக் கரையில் கொடி மாட்டினார்கள், அதற்குப் பின் அது எங்கெல்லாம் தென்பட்டது என்ற விவரங்கள் அனைத்தும் அதில் இருந்தன. சைபீரியத் தூந்திரத்தில் முட்டையிட்டுவிட்டு நம் கடற்கரைக்கு வரும் ஒரு பறவையின் வாழ்க்கை வரலாறு கையில் கிடைத்த மகிழ்ச்சியில், அதை இரண்டு பள்ளிகளில் பிள்ளைகளுக்குச் சொன்னேன்.

ஓராண்டு கழித்துப் பழைய படங்களை ஒழுங்குபடுத்தும்போது, பறவை காலைத் தூக்கிய கணத்தில் எடுத்த ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சேற்றுக்கு அடியில் மெல்லிய படுக்கைக் கோடு ஒன்று இருந்தது. நான் 'எஃப்' என்று எழுதியது உண்மையில் 'ஈ'. அந்த ஓராண்டுக் காலமும் நான் பார்க்காத பறவை ஒன்றைப் பார்த்ததாகப் பதிவேடு சொல்லிக்கொண்டிருந்தது; நான் பார்த்த பறவைக்கோ எண்ணூருக்கு வந்ததற்கான சான்றே இல்லாமல் போயிற்று. பதிவைத் திரும்பப் பெறுமாறு அன்றிரவே எழுதினேன். பிள்ளைகளிடம் சொன்ன கதையை என்னால் திரும்பப் பெற முடியவில்லை.

ஓரெழுத்துப் பிழையால் அப்படியென்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்கள் இந்த வேலையின் அடிப்படையை எண்ணிப் பார்க்க வேண்டும். 1899-இல் டென்மார்க்கில் மார்டென்சென் என்ற ஆசிரியர், மைனாவின் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்டார்லிங் பறவைகளுக்கு எண்ணிட்ட அலுமினிய வளையங்களை மாட்டிய நாள் முதல், ஓர் எண் ஒரே ஒரு பறவையை மட்டும் குறிக்கும் என்ற நம்பிக்கையின் மேல்தான் இந்த முறை முழுவதும் நிற்கிறது. ஒரு குறியீடு எட்டாண்டுகளுக்குப் பிறகு மறுபடியும் பதிவானால், அந்தப் பறவை அத்தனை ஆண்டுகள் உயிரோடு இருந்தது என்றுதான் ஆய்வாளர் கணக்கிடுவார். அது ஊகித்து நிரப்பிய குறியீடாக இருந்தால், எப்போதோ இறந்துபோன பறவை தாளில் உயிர் பெறுகிறது. இப்படிச் சில பதிவுகள் சேர்ந்தால், பிழைத்திருக்கும் பறவைகளின் விகிதம் உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும். குறைந்துவரும் ஓர் இனம் நலமாக இருப்பது போன்ற தோற்றம் உண்டாகும். உயிரினங்களின் அழியும் ஆபத்தை மதிப்பிடும் உலகச் செம்பட்டியல், வளைமூக்கு உள்ளானை 2024-இல் 'அழிய வாய்ப்புள்ள' இனங்களின் வரிசைக்கு நகர்த்தியிருக்கிறது. அப்படிப்பட்ட பறவையின் கணக்கில் நம்முடைய ஆசை கலந்துவிடக் கூடாது.

கூட்டமாகப் பார்க்கும்போது இந்தத் தவறு வேகமாகப் பரவுகிறது. ஒருவர் ஓர் எழுத்தை உரக்கச் சொல்லிவிட்டால், அடுத்தவர் கண்ணுக்கும் அதே எழுத்துதான் தெரியும். அன்று மாணவர்கள் நால்வரும் 'பி' என்று ஒரே குரலில் சொன்னார்கள். எடுத்த படத்தில் அது 'ஆர்' ஆகவும் இருக்கக்கூடியதாகவே தெரிந்தது. ஆகவே ஒவ்வொருவரும் பேசாமல் தத்தம் குறிப்பேட்டில் எழுத வேண்டும். எழுதிய பிறகே ஒப்பிட வேண்டும். ஐயமுள்ள இடத்தில் ஒரு கோடு போடுங்கள். ஐயம் எந்த இரண்டு எழுத்துகளுக்கு இடையில் என்பதைப் பக்கத்தில் குறியுங்கள். 'ஓ' எழுத்துக்கும் பூஜ்ஜியத்துக்கும், 'ஐ' எழுத்துக்கும் ஒன்று என்ற எண்ணுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். தெளிவில்லாத படமாக இருந்தாலும் அதையும் சேர்த்து அனுப்புங்கள், ஏனெனில் உங்கள் கண்ணுக்குத் தப்பிய கோடு பழகிய ஒருவரின் கண்ணில் படக்கூடும்.

இடம் வலம், மேல் கீழ்

இடது கால் என்பது பறவையின் இடது கால். பறவை உங்களை நோக்கி நின்றால், அதன் பின்னால் போய் நிற்பதாக எண்ணிக்கொண்டு எழுதுங்கள். காலின் நடுவில் பின்புறமாக மடிவதைப் பலர் முழங்கால் என்று எழுதுகிறார்கள், அது கணுக்கால். முழங்கால் இறகுகளுக்குள் மறைந்திருக்கும். குழப்பத்தைத் தவிர்க்க 'தெரியும் மூட்டுக்கு மேல்', 'தெரியும் மூட்டுக்குக் கீழ்' என்று எழுதினால் போதும். மணலிப் பக்கத்துத் தேங்கிய நீரில் நின்ற நெடுங்கால் உள்ளான் ஒன்றின் படத்தில், நீரில் தெரிந்த நிழலைப் பார்த்து இரு வளையங்களின் வரிசையைத் தலைகீழாக எழுதியவரை நான் அறிவேன்.

மங்கிய நிறத்தை உறுதியாக எழுதுவது

கொடியின் நிறமே அதை மாட்டிய இடத்தைச் சொல்லும். எடுத்துக்காட்டாக, கரைப்பறவையின் காலில் தனி ஆரஞ்சுக் கொடி இருந்தால் அது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தைக் குறிக்கும். தனி மஞ்சள் கொடி அந்நாட்டின் வடமேற்குப் பகுதியைக் குறிக்கும். வெயிலில் வெளுத்த ஆரஞ்சை மஞ்சள் என்று எழுதினால் பறவை ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் இடம் மாறிவிடுகிறது. எண்ணூரில் சாம்பலும் எண்ணெய்ப் படலமும் சேறும் சேர்ந்து வெள்ளையைக் கூடச் சாம்பல் நிறமாக்கிவிடும். காலை வெளிச்சத்தில் எதிர்வெயிலில் நின்று பார்த்தீர்கள் என்றால் அதையும் எழுதுங்கள்.

வளையத்தைப் படிக்கப் பறவையைப் பிடிப்பது

கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

உயிருள்ள பறவையின் வளையத்தைக் கழற்றுவது

எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

இரவில் நினைவிலிருந்து எழுதுவது

பறவை கண்ணெதிரே நிற்கும்போதே எழுதுங்கள்.

வெறும் கால்களை எண்ணாமல் விடுவது

கொடி கண்ட பறவையை மட்டும் எழுதி அனுப்பினால், எத்தனை பறவைகளில் அது ஒன்று என்பது தெரியாமல் போய்விடும். பத்துப் பறவைகளைப் பார்த்து ஒரு கொடி கண்டதும் ஆயிரம் பறவைகளைப் பார்த்து ஒரு கொடி கண்டதும் வேறு வேறு செய்திகள். பாதிக் கால் நீரில் மூழ்கியிருக்கும் பறவைகளையும் ஒற்றைக் காலை மடித்து நிற்பவற்றையும் ஒதுக்கிவிட்டு, இரு கால்களும் முழுவதும் தெரிந்தவற்றை மட்டும் எண்ண வேண்டும். இது பொறுமையைச் சோதிக்கும் வேலை. மாணவர்கள் முதலில் முகம் சுளித்தார்கள், பிறகு ஆளுக்கொரு பக்கமாகப் பிரித்துக்கொண்டு எண்ணி முடித்தார்கள். அன்றைய குறிப்பில், இறங்கிய உள்ளான்கள் ஏறத்தாழ 140 என்றும், இரு கால்களும் தெரிந்தவை 63 என்றும், கொடி உள்ளது ஒன்று என்றும், அதன் இரண்டாம் எழுத்தின் இடத்தில் ஒரு கோடும், பக்கத்தில் 'பி அல்லது ஆர்' என்றும் எழுதி, படத்துடன் அனுப்பினோம்.